குட்டைத் துப்பாக்கியும் என் கரும்பலகைக் கணக்கும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம், 1979இல் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். (எனக்கிருக்கும் முடிகூட அவருக்கு இல்லை!) காபி குடித்துக்கொண்டே, "சார், நியூட்டன் விதிக்குத் துப்பாக்கிக் கணக்கு போடுவீங்களே, மைனஸ் குறி போடலைன்னு எனக்கு அரை மார்க் குறைச்சீங்க" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேனிலிருந்து இறங்கும்போது அவர் கையிலிருந்த ஸ்டென் கன் நழுவி விழுந்ததாம். பின்கட்டை தரையில் மோதியதும் வெடித்து, பக்கத்தில் நின்ற சக காவலரின் தொடையில் குண்டு பாய்ந்திருக்கிறது. அவர் பிழைத்தார், கால் மட்டும் சரியாகவே இல்லை. "நான் ட்ரிக்கரைத் தொடவே இல்லை சார். யாருமே நம்பல. அவனும் நம்பல."

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் முதல் அந்தத் துப்பாக்கியைப் பற்றித் தேடிப் படித்தேன்.

முதல் உலகப்போரில் ஜெர்மன் சிப்பாயின் மவுசர் துப்பாக்கி ஒன்றேகால் மீட்டர் நீளம். ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ள வேண்டும். குறுகலான பதுங்குகுழிக்குள் எதிரி மூன்றடி தூரத்தில் வந்து நின்றால் அதைத் திருப்பக்கூட முடியாது. மண்வெட்டியால் அடித்துக்கொண்டார்களாம். அதற்காக ஹியூகோ ஷ்மைசர் வடிவமைத்து, 1918இல் களத்துக்கு வந்தது எம்.பி.18. கைத்துப்பாக்கியின் 9 மி.மீ. தோட்டாவையே போட்டு, ட்ரிக்கரைப் பிடித்திருக்கும் வரை சுடும் குட்டைத் துப்பாக்கி.

இதில் வேடிக்கை, உள்ளே இருப்பது நம் ஒன்பதாம் வகுப்புப் பாடம்தான். பெரிய துப்பாக்கியில் போல்ட்டைப் பூட்டிவைப்பார்கள். இதில் பூட்டே கிடையாது. கனமான இரும்பு போல்ட், பின்னால் ஒரு சுருள்வில், அவ்வளவுதான். தோட்டா வெடித்ததும் குண்டு முன்னால் பறக்கும். போல்ட் கனமானதால் நிலைமம் அதிகம், மெதுவாகத்தான் பின்னால் நகரும். அதற்குள் குண்டு குழலைத் தாண்டிவிடும். பிறகு சுருள்வில் போல்ட்டை முன்னால் தள்ள, அது அடுத்த தோட்டாவை இழுத்துப்போய் வெடிக்க வைக்கும்.

1940இல் டன்கிர்க்கில் ஆயுதங்களை விட்டுவிட்டு உயிரோடு திரும்பிய பிரிட்டிஷ் ராணுவத்துக்கு, மலிவாகவும் வேகமாகவும் துப்பாக்கி வேண்டியிருந்தது. ஷெப்பர்ட், டர்பின் இருவரின் முதலெழுத்துகளோடு என்ஃபீல்டு என்ற ஊர்ப்பெயரையும் சேர்த்து வைத்த பெயர்தான் ஸ்டென். தகடும் குழாயும் வெல்டிங்கும். ஒரு வகையைப் பொம்மைக் கம்பெனியில்கூடச் செய்தார்கள்! 40 லட்சம் வரை தயாரானது. மலிவு மலிவுதான், 1942 மே 27 அன்று பிராக் நகரில் நாஜித் தலைவர் ஹெய்ட்ரிக்கை நோக்கி நீட்டிய ஸ்டென் சுடவே இல்லை. கூட வந்தவர் வீசிய வெடிகுண்டுதான் வேலை செய்தது.

சுட வேண்டிய இடத்தில் சுடாதது, சுடக் கூடாத இடத்தில் ஏன் சுட்டது? பஸ்ஸில் பிரேக் போட்டால் நாம் முன்னால் சாய்கிறோமே, அதேதான். கட்டை தரையில் மோதி நிற்கும். உள்ளே கனமான போல்ட் நிற்காமல் பின்னோக்கிப் போகும். மேகசினைத் தாண்டும் அளவு போய்விட்டால் போதும், சுருள்வில் அதைத் திருப்பி அடிக்கும். ட்ரிக்கருக்கு அங்கே வேலையே இல்லை. ஸ்டென்னில் இது ஊரறிந்த குறை. பிற்பாடு போல்ட்டை முன்பக்கமே பூட்டும் வசதி வைத்திருக்கிறார்கள்.

முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகையில் துப்பாக்கி வரைந்தேன். 8 கிராம் குண்டு, 3 கிலோ துப்பாக்கி என்று எண்களைப் போட்டேன். அது கீழே விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

போன் போட்டு இதையெல்லாம் விளக்கினேன். ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "எழுதித் தாங்க சார், அவன்கிட்ட காட்டணும்" என்றார். அந்தக் காவலர் இப்போதும் பக்கத்து ஊரில்தான் இருக்கிறாராம்.

படம் வரைந்து, பாகங்களைக் குறித்து, நேற்று தபாலில் அனுப்பிவிட்டேன்.