அளக்கும் கருவியும் ஆபத்தே

எங்கள் கேகாலையின் போகலைக் காரீயச் சுரங்கம் உலகறிந்தது. காரீயத்தூள் மின்சாரத்தைக் கடத்தும். நில அளவையாளரின் மின்னணுக் கருவிக்குள் புகுந்தால் மின்சுற்றைக் குலைக்கும். நிலக்கரிச் சுரங்கத்திலோ எதிரி கண்ணுக்குத் தெரியாத மீத்தேன். காற்றில் அது 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால், மின்கலத்தில் எழும் சிறு பொறியே வெடிக்கச் செய்துவிடும்.

அதற்காக அளக்காமல் இருக்கலாமா? 1975 டிசம்பர் 27 அன்று தன்பாத் அருகே சாஸ்நாலாச் சுரங்கத்தில், கைவிடப்பட்ட பழைய குடைவுகளில் தேங்கியிருந்த நீர் உடைத்துப் புகுந்து 370க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பழைய குடைவு எங்கே முடிகிறது என்று சொல்ல வேண்டியது அளவையாளரின் வரைபடமே.

ஆகவே கருவியும் வேண்டும், கட்டுப்பாடும் வேண்டும். வெடிப்புக் காப்புச் சான்றில்லாத அளவைக் கருவிக்கு அமெரிக்காவில் தனி அனுமதி வழங்கும்போது விதிக்கும் நிபந்தனைகள் எளியவை. முன்னதாகவும் வேலையின்போதும் மீத்தேனை அளக்க வேண்டும். அது 1 சதவீதத்தை எட்டினால் கருவியை உடனே நிறுத்த வேண்டும். மின்கலத்தைத் தூய காற்றோட்டமுள்ள இடத்தில்தான் மாற்ற வேண்டும்.

வேலை அவசரத்தில் முதலில் கைவிடப்படுபவை இத்தகைய எளிய விதிகளே. பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் வெளியிடுவோம். சுரங்கத்தில் அதற்கு வழியில்லை.