மகளுக்கு இன்சுலின்

ஜூன் 9

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டோம். டைப் 1 சர்க்கரை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கா என்று கேட்காத ஆளில்லை. "மிட்டாயா வாங்கிக் குடுத்திருப்பே" என்று பெரியம்மா அவள் முன்னாலேயே சொல்லிவிட்டார். உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. மிட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். இனி யார் கேட்டாலும் சொல்வேன், பிள்ளை காதில் விழும்படியே சொல்வேன்.

ஜூன் 10

வீட்டில் முதல் ஊசி. இன்சுலின் பேனாவில் புது ஊசி மாட்டி, இரண்டு யூனிட் வெளியே தள்ளி, நுனியில் மருந்து சொட்டுவதைப் பார்த்த பிறகுதான் அளவைத் திருப்ப வேண்டும். ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர்தான். தொப்புளை விட்டுத் தள்ளி, வயிற்றில் குத்தி, பொத்தானை அழுத்திப் பத்து எண்ணும்வரை எடுக்கக் கூடாது. அவளே சத்தமாக எண்ணினாள். ஏழு வந்தபோது என் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு இருக்கும்மா" என்றாள்.

ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தால் தோலுக்கடியில் கட்டி தட்டி, மருந்து சரியாகச் சேராதாம். இடம் மாற்றி மாற்றிப் போட வேண்டும்.

ஜூன் 13

பாகற்காய்ச் சாறு கொடுத்து ஊசியை நிறுத்தச் சொல்லி ஒரு சொந்தக்காரர் போன் செய்தார். அக்கறையில்தான் சொன்னார். ஆனால் டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வந்துவிடும். இதில் யாருடைய மனசும் நோகாமல் பேச எனக்குப் பொறுமையில்லை.

ஊரில் கரண்ட் போனால் மருந்தை எங்கே வைப்பது என்று சிஸ்டரிடம் கேட்டேன். பிரிக்காததை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் வைத்து உறைந்துவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத இடத்தில் பெரிய மண்பானையில் ஈரமணல் போட்டு, நடுவில் சின்னக் கலயத்தில் வைக்கச் சொன்னார். வெயிலில் நிறுத்திய காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார்.

ஜூன் 16

இன்சுலின் வந்த கதையை அவளுக்குச் சொன்னேன். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச காலம் காப்பாற்றினார்கள். 1922 ஜனவரியில் கனடாவின் டொரன்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதலில் போட்டார்கள். "என்னைவிட ரெண்டு வயசுதானே பெரியவன்" என்றவள், வெகுநேரம் பேசவில்லை. கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்கு அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்துவிட்டார்கள். மாதாமாதம் சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப்புக்கும் மருந்துக்கும் கடையில் பணம் எண்ணி வைக்கும்போது அந்த ஒரு டாலரை நினைத்துக்கொள்கிறேன்.

ஜூன் 20

பள்ளிக்கூடத்தில் சுகர் இறங்கிவிட்டது. விளையாட்டுப் பீரியட் முடிந்து வந்ததும் வியர்த்து, கை நடுங்கியிருக்கிறது. பையிலிருந்த குளுக்கோஸை எடுக்கப் போனவளிடம், "மணி அடிக்கட்டும், அப்புறம் சாப்பிடு" என்றிருக்கிறார் ஆசிரியை. தோழி ஓடிப்போய்த் தலைமையாசிரியரைக் கூட்டி வந்தாள். அப்போது சோதித்ததில் சுகர் 58. அந்தத் தோழிக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்!

ஜூன் 21

ஆசிரியையைப் பார்த்துப் பேசினேன். இந்த நோயைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, கண் கலங்கிவிட்டார். ஆசிரியர் அறையில் ஒட்டுவதற்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்:

இன்சுலின் போடும் பிள்ளை நடுக்கம், வியர்வை, தலைச்சுற்றல் என்றால், பாடம் நடந்தாலும் பரீட்சை நடந்தாலும் அந்த நிமிடமே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். நினைவில்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். சுகர் இறங்கிய பிள்ளையை எங்கேயும் தனியாக அனுப்பாதீர்கள்.