"குதிரைக்கு மூச்சு வாங்குது நன்னா!" - மெரினாவில் ஒரு நன்றிப் பாடம்

ஞாயிற்றுக்கிழமை மாலை. மயிலாப்பூர் கச்சேரி சாலை ஜும்ஆ மசூதியில் அஸர் தொழுகை முடிந்து கூட்டம் கலைகிறது. நன்னாவின் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறான் 7 வயதுப் பேரன். நன்னா என்றால் தாத்தா. என் தோழியின் அத்தா அவர்.

'அல் ஆதியாத்' அத்தியாயத்தைப் பார்க்காமல் ஓதிக் காட்டினால் மெரினாவில் குதிரை சவாரி! இதுதான் தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒப்பந்தம். பையன் தப்பில்லாமல் ஓதிவிட்டான். நானும் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன்.

ஆட்டோ கிளம்பியதும் பையன் ஏதோ முணுமுணுத்தான். "வண்டியில ஏறினா ஓதுற துஆம்மா" என்றார் நன்னா. இதை எங்களுக்கு வசப்படுத்திக் கொடுத்த இறைவன் தூயவன். எங்கள் பலத்தால் இது முடிந்திருக்காது என்பது அதன் சாரம். குர்ஆனின் 43-வது அத்தியாயத்தில், கப்பலிலும் கால்நடைகளிலும் ஏறுவதைப் பற்றிச் சொல்லும் இடத்தில் வருகிறது. இன்று ஆட்டோவுக்கும் அதே துஆதான்.

சரி, பையன் ஓதிய அத்தியாயத்தில் குதிரை எங்கே வருகிறது? 'அல் ஆதியாத்' 100-வது அத்தியாயம். மொத்தம் 11 வசனங்கள். மூச்சு இரைக்க ஓடும், குளம்பில் தீப்பொறி பறக்கும், விடியலில் புழுதி கிளப்பிப் பாயும் குதிரைகள் மீது சத்தியம் செய்து தொடங்குகிறது. உடனே பேச்சு மனிதன் பக்கம் திரும்புகிறது: அவன் தன் இறைவனுக்கு நன்றி இல்லாதவனாக இருக்கிறான்!

"இதைப் பிள்ளைங்களுக்கு எப்படிப் புரியவைக்கிறது?" என்று கேட்டேன்.

"ரொம்ப சுலபம்மா. குதிரையைப் படைச்சது நாம இல்ல. புல்லும் தண்ணியும் வைக்கிறோம், அவ்வளவுதான். அதுக்கே அது நமக்காக உயிரைக் கொடுத்து ஓடுது. எல்லாத்தையும் கொடுத்தவனை நாம மறந்துடுறோம்."

அவர்கள் ராவுத்தர் குடும்பம். குதிரை வீரர், குதிரை வணிகர் என்ற பொருளோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அது. தமிழகத்துக்கும் அரபுக் குதிரைகளுக்கும் உறவு பழசு. 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகத்தில் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இறங்கியதைக் குறித்திருக்கிறார். சரியாகப் பராமரிக்கத் தெரியாததால் ஏராளமான குதிரைகள் செத்துப்போனதையும் எழுதியிருக்கிறார்.

கலங்கரை விளக்கம் பக்கம் இறங்கி மணலில் நடந்தோம். பழுப்பு நிறக் குதிரை ஒன்றில் ஏறினான் பையன். அலை வரைக்கும் போய்த் திரும்பினான். முகமெல்லாம் சிரிப்பு. இறங்கிய அடுத்த நொடி, "நன்னா, இன்னொரு ரவுண்டு!"

நன்னா பதில் சொல்லவில்லை. குதிரைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பையனின் கையைக் குதிரையின் கழுத்தில் வைத்தார். வியர்வை. விலா ஏறி ஏறி இறங்கியது.

"நீ ஓதுனியே, முதல் வசனத்துல என்ன சத்தம் வருது?"

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "மூச்சு... குதிரைக்கு மூச்சு வாங்குது நன்னா!"

அதற்காக அவன் உடனே மனம் மாறிவிடவில்லை. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டான். வாயில்லா ஜீவன்கள் விஷயத்தில் இறைவனுக்குப் பயப்படச் சொல்லியிருக்கிறார் நபிகள் நாயகம் என்று நன்னா மெதுவாகச் சொன்னார். பையன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஞாயிறு மாலைதான் குதிரைக்காரருக்கும் வருமானம். அது நன்னாவுக்குத் தெரியும். இரண்டாவது சவாரிக்கான பணத்தை அவர் கையில் வைத்தார். "சவாரி வேணாம்ப்பா. அந்த நேரத்துக்கு அதை நிக்க விடு. தண்ணி காட்டு."

குதிரைக்காரர் ஒரு நொடி விழித்தார். பிறகு சிரித்தபடி வாளியைக் கொண்டுவந்து வைத்தார். குதிரை தலையைக் குனிந்து உறிஞ்ச ஆரம்பித்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் பையன் எழுந்து வந்தான். வாளி காலியாகும் வரை அசையாமல் நின்றான்.

மஃக்ரிபுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பினோம். ஆட்டோவில் மறுபடியும் துஆ ஓதினான். இந்த முறை முணுமுணுக்கவில்லை, சத்தமாக!

அடுத்த முறை பிள்ளைகளோடு மெரினா போகிறீர்களா? குதிரையில் ஏற்றிவிட்டு செல்ஃபி எடுங்கள், தப்பில்லை. இறங்கியதும் ஒரு நிமிடம் அந்த மூச்சையும் கேட்கச் சொல்லுங்கள்.