எதிர்முனையில் ஒரு வகுப்பு

திங்கள்

பிரான்சின் தென்பகுதியில் பார்-சூர்-லூப் என்றொரு மலைக் கிராமம். 1920-இல் அங்கே ஆசிரியராகச் சேர்ந்த செலஸ்டின் ஃப்ரெனே, முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம் பட்டவர். நீண்ட நேரம் பேசினால் மூச்சு வாங்கும். ஆசிரியர் பேச, பிள்ளைகள் கேட்க என்ற வழக்கம் அவர் உடம்புக்கு ஒத்துவரவில்லை. பிள்ளைகளை ஊருக்குள் அழைத்துப்போனார். அவர்கள் வயலையும் கைவினைஞர்களின் பட்டறைகளையும் பார்த்தார்கள். திரும்பி வந்து பார்த்ததைச் சொன்னார்கள். கரும்பலகையைத் துடைத்தால் அத்தனையும் போய்விடும். அதனால் 1924-இல் சிறிய கை அச்சு இயந்திரம் ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகளே எழுத்து எழுத்தாக அச்சுக் கோத்து, மை தடவி, தங்கள் வரிகளைத் தாளில் இறக்கினார்கள். எழுத்துப் பிழையைத் திருத்த இனி யாரும் அதட்ட வேண்டியதில்லை. அச்சேறப் போகும் வரியைப் பிள்ளையே நாலு முறை பார்க்கும்.

செவ்வாய்

ஃப்ரெனே அதோடு நின்றிருந்தால் அது ஒரு பள்ளியின் கதை. 1926-இல் நாட்டின் மறுகோடியில், பிரித்தானி கடலோரத்தில், ரெனே டேனியல் என்ற ஆசிரியரின் வகுப்போடு தொடர்பு ஏற்பட்டது. மலைப் பிள்ளைகள் அச்சடித்த தாள்கள் கடலோரத்துக்குப் போயின. அங்கிருந்து பதில் தாள்கள் வந்தன. தாள்களோடு பொட்டலங்களும் போய்வந்தன. அலை எப்படி இருக்கும் என்று கேட்க ஆள் கிடைத்ததும் புவியியல் பாடம் வேறொன்றாகிவிடுகிறது. கேள்வி பாடநூலின் கேள்வி அல்ல, ஒரு தோழனின் கேள்வி. தெரியாவிட்டால் விசாரித்தாவது பதில் எழுதியாக வேண்டும்.

அடுத்த சில ஆண்டுகளில் பல பள்ளிகள் இந்த வளையத்தில் சேர்ந்தன. 1927-இல் பல பள்ளிப் பிள்ளைகளின் எழுத்தைத் தாங்கிய ‘லா ஜெர்ப்’ இதழ் வந்தது. ஈய எழுத்தும் தபால் வண்டியும் செய்த வேலை இது.

நம் பள்ளிகளில் கைமாறிக் கைமாறிக் கிழிந்துபோன கையெழுத்துப் பத்திரிகைகளுக்கும் இதே வேட்கைதான். அவை அடுத்த ஊருக்குப் போகவில்லை என்பதுதான் குறை.

புதன்

தென்னிந்தியக் கடலோரத்தில் சுனாமி அடித்த காளிகுப்பம் என்ற கிராமம். தமிழ் பேசும் கிராமத்துப் பிள்ளைகள், ஆங்கிலத்தில் இருக்கும் மரபணுப் பாடத்தைக் கணினியில் தாங்களாகவே கற்க முடியுமா என்று சுகதா மித்ரா சோதித்தார். டெல்லி கால்காஜியில் 1999-இல் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்தவர் அவர். காளிகுப்பத்துப் பிள்ளைகள் மிகக் குறைந்த மதிப்பெண்ணிலிருந்து ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்கு வந்தார்கள். பிறகு, அவர்களோடு பழகிய இளம்பெண் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொன்னார் மித்ரா. அவருக்கு அந்தப் பாடம் தெரியாது. “அட, இது எப்படி? எனக்கும் சொல்லு” என்ற தோரணையில் வியந்து கேட்பதுதான் அவர் வேலை. மதிப்பெண் சுமார் 50-க்கு உயர்ந்தது.

இரண்டாவது எண்தான் பெரிய செய்தி. இயந்திரம் அதேதான், கேட்க ஒரு ஆள் வந்தார்.

வியாழன்

உத்தராகண்டில் அல்மோரா, ஹவால்பாக் ஆகிய இடங்களில் வைக்கப்பட்ட இப்படிப்பட்ட கணினிச் சாவடிகளை ஆய்வாளர் பாயல் அரோரா தேடிப்போனபோது அவை கைவிடப்பட்டிருந்தன. 2010-இல் அதை எழுதினார். இடையில் நிற்க ஆள் இல்லாத இயந்திரம் எத்தனை காலம் தாங்கும்?

வெள்ளி

மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம், பரிதேவாடி. ரஞ்சித்சிங் டிசாலே 2009-இல் சேர்ந்தபோது பள்ளிக் கட்டடம் மாட்டுக்கொட்டகைக்கும் கிடங்குக்கும் நடுவே சிக்கிக் கிடந்தது. பாடநூல் பிள்ளைகளின் வீட்டு மொழியில் இல்லை. அவர் பாடங்களை மொழிபெயர்த்தார், பக்கங்களில் கியூ.ஆர். குறியீடு ஒட்டி ஒலியையும் காணொளியையும் சேர்த்தார். பலரும் அவரை அந்தக் குறியீட்டுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர் நடத்திய எல்லை தாண்டும் திட்டம்: இந்தியா–பாகிஸ்தான், இஸ்ரேல்–பாலஸ்தீனம் என்று பகை சூழ்ந்த நாடுகளின் மாணவர்களை இணையம் வழியே ஆறு வாரம் ஒருவரோடொருவர் பேசவைத்தார். 2020 டிசம்பர் 3-ஆம் தேதி உலக ஆசிரியர் விருதும் 10 லட்சம் டாலரும் கிடைத்தபோது, பாதிப் பணத்தை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பங்கிட்டார்.

சனி

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 2018 முதல் கியூ.ஆர். குறியீடு உண்டு. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பெருந்தொற்றில் பள்ளி பூட்டிக் கிடந்த மாதங்களில் அந்த அலைவரிசை லட்சக்கணக்கான வீடுகளுக்குப் பாடம் கொண்டுபோனது. அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனாலும் இரண்டிலும் பாடம் ஒரே திசையில் வருகிறது. பிள்ளை அனுப்ப வழி கிடையாது. 2022-இல் பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ இதழ்கள் மாணவர்களின் படைப்புகளுக்கும் இடம் கொடுத்தன. அது சரியான திசை.

அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. அவற்றில் வாரத்துக்கு ஒரு பாடவேளையைக் கடிதத்துக்கென்று ஒதுக்கலாம். பாம்பன் பக்கத்துப் பள்ளி ஒன்றும் கோத்தகிரிப் பள்ளி ஒன்றும் ஜோடி சேரட்டும். மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் என்ன ஆகும், பனி விழுந்தால் தேயிலை என்ன ஆகும் என்று அவர்களே கேட்டுக்கொள்ளட்டும். இரண்டு தலைமையாசிரியர்கள் ஒரே கால அட்டவணைக்கு ஒத்துக்கொண்டால், வருகிற ஜூனிலேயே தொடங்கலாம்.