எந்த சப்மரின் பெஸ்ட்?

நண்பர்களே, 'சைலன்ட் ஹன்ட்டர் 3'ன்னு ஒரு கம்ப்யூட்டர் கேம் கேள்விப்பட்டிருக்கீங்களா? 2005-ல் யூபிசாஃப்ட் கம்பெனி வெளியிட்டது. வயசான கேம்தான். ஆனா மாமா எங்களுக்குக் கொடுத்த பழைய கம்ப்யூட்டர்ல ஒழுங்கா ஓடுறது இது ஒண்ணுதான்! இரண்டாம் உலகப் போரில் நாம் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் கேப்டன். அட்லாண்டிக் கடலில் பிரிட்டனுக்குச் சாமான் கொண்டு போகும் கப்பல்களைத் தேடிப் பிடித்து மூழ்கடிக்க வேண்டும். அப்புறம் உயிரோடு திரும்பி வர வேண்டும். (இந்த இரண்டாவதுதான் கஷ்டம்.)

கார் ரேஸ் மாதிரி விறுவிறுன்னு இருக்கும்னு நினைச்சு உட்காராதீங்க. முக்கால்வாசி நேரம் வெறும் தண்ணிதான் தெரியும். எங்க பாட்டி எட்டிப் பார்த்துட்டு, "என்னடா இது, படமே ஓடலையே?"ன்னு கேட்டாங்க.

இந்த கேமில் நிறைய டைப் சப்மரின் உண்டு. எது சிறந்ததுன்னு எனக்கும் எங்க பெரியப்பா பையனுக்கும் இரண்டு லீவா சண்டை. அண்ணன் டைப் 21 கட்சி. நான் டைப் 7சி கட்சி. நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

முதலில் கையில் கிடைப்பது டைப் 2. குட்டிப் படகு. டார்பிடோ மொத்தமே 5. ஜெர்மன்காரர்களே இதற்கு 'ஒற்றை மரத்தைக் குடைந்த தோணி'ன்னு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அலையில் அப்படி ஆடுமாம். இதைப் பற்றி இவ்வளவு போதும்.

அடுத்து என் கட்சி, டைப் 7சி. நீளம் 67 மீட்டர். முன்னால் 4 குழாய், பின்னால் 1, மொத்தம் 14 டார்பிடோ. 7-ம் டைப்பில் எல்லா ரகமும் சேர்த்து 700 கட்டினார்கள். அதாவது அந்தக் கடல் போரைப் பெரும்பாலும் நடத்தியதே இதுதான். உள்ளே சுமார் 45 பேர். கழிப்பறை இரண்டு. கிளம்பும்போது அதில் ஒன்றில் சாப்பாட்டுச் சாமானை அடைத்து வைத்துவிடுவார்கள். அப்போ 45 பேருக்கு ஒன்று! நம்ம பள்ளிக்கூடத்தைக் குறை சொல்றவங்க இதைக் கொஞ்சம் யோசிக்கணும்.

முக்கியமான விஷயம் வேகம். டீசல் இன்ஜினுக்குக் காற்று வேண்டும். அதனால் அது தண்ணீருக்கு மேலேதான் ஓடும், மணிக்கு சுமார் 33 கிலோமீட்டர். உள்ளே இறங்கிவிட்டால் பேட்டரிதான். அதிகபட்சம் 14 கிலோமீட்டர், நாம சைக்கிள் மிதிக்கிற வேகம். அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். மெதுவாக 7 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 150 கிலோமீட்டர் தாங்கும். அதற்குள் மேலே வந்து சார்ஜ் ஏற்றணும். பேருக்குத்தான் நீர்மூழ்கி! உண்மையில் இது ஆபத்து வந்தால் மட்டும் ஒளிஞ்சுக்கிற படகு. துரத்துகிற சின்ன காவல் கப்பலே 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அப்போ ஓடித் தப்பிக்க முடியாது. இன்ஜினைக் குறைத்து, பேச்சை நிறுத்தி, ஆழத்தில் காத்திருக்கணும். மேலே அவன் அனுப்பும் 'பிங்... பிங்...' சத்தம் நம் கப்பலில் பட்டுத் தெறிக்கும். ஹெட்போன் போட்டு இரவு பத்து மணிக்கு விளையாடிப் பாருங்க, தெரியும்.

டைப் 9சி கொஞ்சம் பெரியது. 22 டார்பிடோ. ஒரு தடவை எண்ணெய் நிரப்பினால் சுமார் 25,000 கிலோமீட்டர் போகும். 1942 ஜனவரியில் இந்த 9-ம் டைப் கப்பல்கள் ஐந்துதான் அமெரிக்கக் கரைக்கே போய் அடித்தன. அங்கே ஊர் விளக்குகளைக்கூட அணைக்காமல் இருந்தார்களாம். ஆனால் 9-ல் ஒரு குறை, முழுகுவதற்கு நேரம் ஆகும். 7சி அரை நிமிடத்துக்குள் மறைந்துவிடும். விமானம் வரும்போது இந்தச் சில விநாடிதான் கணக்கு.

9சி-யைப் பற்றித் தேடிப் படித்தபோதுதான் 'சிட்டி ஆஃப் கெய்ரோ' கதை கிடைத்தது. பம்பாயிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் கப்பல். உள்ளே 2,000 பெட்டி நிறைய வெள்ளி ரூபாய், பயணிகள், மாலுமிகள் எல்லாமாக 311 பேர். மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள். 1942 நவம்பர் 6-ம் தேதி, தென் அட்லாண்டிக்கில் யு-68 என்ற 9சி இதை மூழ்கடித்தது. கேப்டன் மெர்ட்டன் மேலே வந்து, படகுகளில் இருந்தவர்களுக்குக் கரை எந்தப் பக்கம்னு வழி சொல்லிவிட்டு, மூழ்கடித்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனாராம். அவர் போயிட்டார். கரையோ பல நூறு மைல் தள்ளி. ஒரு படகு 51 நாள் மிதந்து பிரேசில் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அதில் உயிரோடு இருந்தது இரண்டே பேர். மொத்தம் 104 பேர் இறந்தார்கள். 2013-ல் 5,000 மீட்டருக்கும் கீழே இறங்கி அந்த வெள்ளியில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள்.

கேமில் இந்தக் கப்பலின் மதிப்பு என்ன தெரியுமா? 8,000 டன். அவ்வளவுதான். ஸ்கோரில் டன் ஏறும், நமக்குப் புகழ்ப் புள்ளி ஏறும், அந்தப் புள்ளியை வைத்து நல்ல சப்மரின் வாங்கலாம். நான் அண்ணனிடம் இதைச் சொன்னேன். "டேய், கேமை கேமா பாருடா" என்றார். கேமாகத்தான் பார்க்கிறேன். ஆனாலும் பெரிஸ்கோப்பில் ஒரு பெரிய கப்பல் தெரிந்தால் இப்போதெல்லாம் அதில் எத்தனை பேர்னு ஒரு கேள்வி வந்து நிற்குது. ஹிட்லரின் கடற்படைக்காக ஓட்டுகிறோம் என்பதும் அப்போதுதான் ஞாபகம் வருது.

சரி, அண்ணனின் டைப் 21. புள்ளிவிவரத்தில் இதை யாரும் அடிச்சுக்க முடியாது. பேட்டரி மிகப் பெரியது. தண்ணீருக்கு மேலே போவதைவிட உள்ளே வேகம் அதிகம், மணிக்கு 32 கிலோமீட்டர். அந்தக் காவல் கப்பலையே உள்ளிருந்தபடி ஓடி ஜெயிக்கலாம். போருக்குப் பிறகு அமெரிக்காவும் ரஷ்யாவும் இதைப் பார்த்துத்தான் தங்கள் சப்மரின்களை மாற்றிக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேல் கட்டினார்கள். ஆனால் போருக்கென்று கிளம்பியவை இரண்டே இரண்டு, அதுவும் கடைசி நாட்களில். இரண்டும் ஒரு கப்பலையும் மூழ்கடிக்கவில்லை. பரீட்சை முடிஞ்சு பெல் அடிச்சப்புறம் வந்த முதல் ரேங்க் பையன்!

அதனால்தான் நான் 7சி கட்சி. 21-ல் உட்கார்ந்தால் பயமே இல்லை. ஜெர்மன் சப்மரின்களில் போன சுமார் 40,000 பேரில் நாலுக்கு மூன்று பேர் திரும்பி வரவில்லை. அவர்களில் பெரும்பாலோர் 7-லும் 9-லும் போனவர்கள்தான். 1943 மே மாதம் மட்டும் 40-க்கும் மேற்பட்ட சப்மரின்கள் போயின. அதில் ஒன்று யு-954, 7சி. தலைமைத் தளபதி டோனிட்ஸின் மகன் பீட்டரும் அதில் இருந்தார்.

நான் இப்போது 1943 ஏப்ரல் 28-ல் சேவ் பண்ணி வைத்திருக்கிறேன். 7சி, கையில் 9 டார்பிடோ, அட்லாண்டிக் நடுவில். அண்ணன் போன் பண்ணி, "காலாண்டு லீவுக்கு வர்றேன், அதுவரைக்கும் மே மாசத்தைத் தொடாதே"ன்னு சொல்லியிருக்கார்.

– பிளஸ் ஒன், 'ஆ' பிரிவு மாணவன்