கடனும் நம்பிக்கையும்

கள்ளக்குறிச்சியில் தமிழாசிரியனாகப் பணியாற்றிய நாளில், கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் பயின்ற மாணவன் ஒருவன், தன் தந்தையின் வங்கிக் கணக்குப் புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தான். அதில் ‘கிரெடிட்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்த சொல்லைக் காட்டி, “ஐயா, இதற்குத் தமிழ் யாது?” என்று வினவினான். “வரவு” என்றேன். “கூட்டுறவுச் சங்கத்தின் பெயர்ப்பலகையிலும் இச்சொல்தானே இருக்கிறது? அங்கே ‘கடன்’ என்று எழுதியிருக்கிறார்களே!” என்றான். எனக்கு விடை தெரியவில்லை. ஆங்கில ஆசிரியரை நாடினேன்.

அச்சொல் இலத்தீன் மொழியினின்று வந்ததென்று அவர் விளக்கினார். இலத்தீனில் ‘கிரேதோ’ என்றால் ‘நம்புகிறேன்’. ‘கிரேதித்’ என்றால் ‘நம்புகிறான்’. நெஞ்சை ஒன்றன்பால் வைத்தல் என்பதே அதன் பழம்பொருள் எனவும், வடமொழியின் ‘சிரத்தை’ அதற்கு உடன்பிறப்பு எனவும் மொழிநூலார் பலர் கருதுவர். நாமும் ‘மனம் வைத்தல்’ என்கிறோம் அன்றோ!

தமிழில் ‘நம்பு’ என்னும் சொல்லுக்கு விருப்பம் என்று தொல்காப்பியர் உரியியலில் பொருள் கூறுகிறார். விரும்பியவரையே நம் முன்னோர் நம்பினர் போலும்! வள்ளுவரோ ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். ஆராயாது நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் நீங்காத துன்பத்தையே தரும் என்பது அவர் கருத்து.

இந்திய நாட்டில் 1904ஆம் ஆண்டு இயற்றப்பட்ட கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் பெயரிலும் ‘கிரெடிட்’ என்னும் சொல் உண்டு. அதை நம்மவர் ‘நம்பிக்கைச் சங்கம்’ என்று பெயர்க்கவில்லை. ‘கடன் சங்கம்’ என்றே வழங்கினர். கடன் என்பதற்குக் கடமை என்பதும் பொருள். தாய், தந்தை, கொல்லன், வேந்தன் ஆகியோர்க்குரிய கடமைகளைப் புறநானூற்றில் பொன்முடியார் கடன் என்றே குறிக்கிறார். கொடுப்பவன் நெஞ்சை நோக்கிப் பெயரிட்டது இலத்தீன். பெற்றவன் செய்யவேண்டியதை நோக்கிப் பெயரிட்டது தமிழ்.

இவ்வேறுபாட்டை என் நெஞ்சில் தைக்கும்படி உணர்த்தியவர், எழுத்தறியாத ஒரு மலைவாழ் பெரியவர். கரியாலூர்ப் பக்கத்திலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டுவந்து எங்கள் தெருவில் விற்பார். 1990ஆம் ஆண்டில், மனைவியின் மருத்துவச் செலவுக்கென முந்நூறு ரூபாய் கேட்டார். கொடுத்தேன். ஆனால் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிய புரோநோட்டில் அவருடைய கைந்நாட்டை வாங்கிக்கொண்டுதான் கொடுத்தேன். மை படிந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் சென்றார்.

அதன்பின் அவர் வரவில்லை. ஓராண்டு பொறுத்தேன், மறு ஆண்டு ஐயுற்றேன், அதற்கடுத்த ஆண்டு, “நம்பிக் கெட்டோம்” என்று வீட்டில் சொல்லிச் சலித்துக்கொண்டேன். உண்மையில் நான் நம்பியது அந்தத் தாளைத்தான்! மூன்றாண்டு கடந்தால் அத்தகைய தாள் வழக்குக்கு உதவாது என்பர். அக்கெடுவும் கழிந்தது. பழைய காகிதங்களோடு அதனையும் கிழித்தெறிந்தேன்.

1994ஆம் ஆண்டு கோடையில் ஒருநாள் மாலை, அவர் என் திண்ணையில் வந்து அமர்ந்தார். மிகவும் மெலிந்திருந்தார். மனைவி இறந்துவிட்டாள் என்றும், இரண்டு ஆண்டுகளாகப் புளி காய்க்கவில்லை என்றும் கூறினார். பின்பு துணிமுடிச்சை அவிழ்த்து, முந்நூறு ரூபாயை எண்ணி வைத்தார். அருகில் ஒரு புட்டி தேனையும் வைத்தார்.

“கெடு கடந்துவிட்டது, இனிக் கொடுக்க வேண்டியதில்லை என்று தேநீர்க் கடையில் சொன்னார்கள், ஐயா. காலம் போனால் தாள் செத்துப்போகும், கடன் சாகுமா?” என்றார்.

எனக்கு நாவெழவில்லை. அவர் சற்றுப் பொறுத்து, “அந்தத் தாளைக் கொடுத்தால் கிழித்துவிடலாம்” என்று கை நீட்டினார். தாள் இல்லை என்பதையும், நான் அதை எறிந்ததன் காரணத்தையும் தலைகுனிந்து கூறினேன்.

நீட்டிய கையை அவர் மெல்ல மடக்கிக்கொண்டார். “அதனால் என்ன, ஐயா? பணம் வந்துவிட்டது என்று வாயால் ஒரு சொல் சொல்லுங்கள். நான் நம்புகிறேன்” என்றார்.

சொன்னேன். வெள்ளிமலைக்குச் செல்லும் கடைசிப் பேருந்து புறப்படும் நேரமாகிவிட்டதென்று அவர் எழுந்து விரைந்தார்.