ஏர்பேக்குக்குக் குளிராதா?

என் மகள் குடும்பத்தோடு கனடாவின் எட்மண்டனில் இருக்கிறாள். குளிர்காலத்தில் அங்கே சில இரவுகள் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே போய்விடும். காரை நிறுத்தியதும் அதன் முன்பக்கம் தொங்கும் வயரை எடுத்து பிளக்கில் மாட்டிவிடுவார்கள். இன்ஜின் விறைத்துப்போகாமல் இருக்க உள்ளே ஒரு ஹீட்டர்!

இன்ஜினுக்கே இந்தப் பாடு என்றால், ஸ்டீயரிங்குக்குள் மடித்து வைத்திருக்கும் ஏர்பேக் என்ன ஆகும்? பேத்தி தினமும் போகிற கார் ஆயிற்றே, தேடிப் படித்தேன்.

மோதிய பிறகு ஏர்பேக் விரிய சுமார் 30 மில்லி செகண்டுதான் ஆகலாம். கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. ஆனால் குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும். 20 டிகிரியில் சிலிண்டரில் அடைத்த வாயு, மைனஸ் 40-ல் தன் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். அதனால் பல ஏர்பேக்குகளில் வேதி மருந்து ஒன்று பற்றி எரிந்து, அந்த நொடியிலேயே வாயுவை உண்டாக்குகிறது. சிலவற்றில் அடைத்து வைத்த ஆர்கான் வாயுவை அந்த மருந்து சூடாக்கி விரிய வைக்கிறது.

மருந்தும் குளிரில் மெதுவாகத்தான் எரியும். கூடுதலாக வைத்தால் என்ன? வெயிலில் நின்ற காரில் அதே பை முகத்தில் ஓங்கி அறைந்துவிடும்! ஒரே பை இரண்டுக்கும் சரிப்பட வேண்டும். அதனால்தான் மைனஸ் 35, 40 டிகிரி குளிரிலும் 85 டிகிரி சூட்டிலும் மணிக்கணக்கில் வைத்து, எடுத்த கையோடு விரியவிட்டுப் பார்க்கிறார்கள். மேல்மூடியும் குளிரில் நொறுங்கித் தெறிக்காமல், கோடு கீறிய இடத்தில் மட்டும் கிழிய வேண்டும்.

இத்தனை பாடுபட்டுச் செய்த பை, சீட் பெல்ட்டோடு சேர்ந்தால்தான் முழுதாகக் காப்பாற்றும். அங்கேதான் குளிர் வேறு வழியில் நுழைகிறது. பஞ்சு அடைத்த ஜாக்கெட்டின் மேல் பெல்ட் போட்டால் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். மோதும்போது பஞ்சு அமுங்கி, பெல்ட் தொளதொளத்துவிடும். பின்சீட்டில், குழந்தை சீட்டில் உட்காரும் பிள்ளைகளுக்கு இது இன்னும் ஆபத்து. ஜாக்கெட்டைக் கழற்றி, பெல்ட்டை இறுக்கி, அதற்கு மேலே போர்வையைப் போர்த்துவதுதான் சரி.

குளிர்காலம் வந்தால் மகளுக்கு நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவது ஒரே வரிதான்: ‘பாப்பாவுக்கு முதல்ல பெல்ட், அப்புறம்தான் போர்வை.’